சமுதாய வானொலியில் கலை, வறுமை, நகர வாழ்வு: சென்னையில் உரையாடல் நிகழ்ச்சி தயாரிக்கப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சமுதாய வானொலி நிலையத்தில் உரையாடல் நிகழ்ச்சி நடத்த விரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மைக்கை வாங்கலாம் என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கீழே விடை இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பாகவே தீர்மானித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. குறைந்த வருமானத்தில் வாழும் ஒருவரை நிகழ்ச்சிக்கு அழைக்கும்போது, எதற்காக அழைக்கிறோம்? தன் வறுமையை எடுத்துச் சொல்வதற்காக ஒருவரை அழைத்தால், அவர் ஏற்கெனவே பலரிடம் சொல்லிப் பழகிய நான்கு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அவருக்கு நன்றாகத் தெரிந்த தொழிலையோ கலையையோ தெருவையோ பற்றிப் பேச அழைத்தால், வறுமை அந்தப் பேச்சுக்குள் தானாகவே, வாடகைத் தொகையோடும் வட்டிக் கணக்கோடும் பேருந்து நேரத்தோடும் வந்து சேரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது வழியைத்தான் சொல்கிறது.

நிலையத்தையும் அதன் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள்

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் சமுதாய வானொலிக்கு வழி பிறக்கச் சில ஆண்டுகள் ஆயின. 2002ஆம் ஆண்டின் இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி வழங்கும் கொள்கை வந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரியில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாக ஒலிபரப்பைத் தொடங்கியது. 2006 நவம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டுத் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்றானது. 2008இல் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் சங்கம் ரேடியோவும், 2016இல் பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசையும் தோன்றின. சங்கம் ரேடியோவைத் தலித் பெண்களே நடத்துகிறார்கள் என்பதைப் புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒருவரால் ஒலிப்பதிவுக் கருவியைக் கையாள முடியுமா என்ற தயக்கம் நம்மிடம் இருந்தால், அவர்களுடைய அனுபவத்தை அறிந்த பிறகு அது நிற்காது.

தனிமனிதர் எவரும் சமுதாய வானொலிக்கு உரிமம் பெற முடியாது. அரசியல் கட்சிகளும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளும் பெற முடியாது. ஆகவே உங்களுக்கு உள்ள வழி, ஏற்கெனவே இயங்கும் ஒரு நிலையத்தில் தன்னார்வலராகச் சேர்வதுதான். சென்னையின் நிலையங்களில் பல கல்லூரி வளாகங்களுக்குள்ளேயே இருக்கின்றன. ஒலிபரப்பின் திறன் பொதுவாக 100 வாட் அளவுக்கும் கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்கும் கட்டுப்படுத்தப்படுவதால், நிகழ்ச்சி சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் கேட்கும். உயரமான கட்டடங்கள் நெருங்கி நிற்கும் நகரத்தில் இந்தத் தொலைவு இன்னும் சுருங்கும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். உங்கள் நிகழ்ச்சியில் பேசுகிறவரின் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்கக்கூடும் என்பதே இந்த வகை வானொலியின் பலம். உங்கள் பொறுப்பைக் கூட்டுவதும் அதுவே.

நிலையத்தில் சேர்ந்ததும் முதல் சில வாரங்களுக்கு எதையும் தயாரிக்காமல் கேளுங்கள். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்கள் நிலையத்தில் அந்தப் பங்கேற்பு எப்படி நடக்கிறது, யார் குரல் அடிக்கடி வருகிறது, எந்தத் தெருவிலிருந்து ஒரு குரல்கூட வந்ததில்லை என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உங்கள் முதல் நிகழ்ச்சிக்கான இடம் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கும்.

பேசுபொருளைத் தேர்ந்தெடுத்தல்

“கலையும் வறுமையும்” என்று ஒரு நிகழ்ச்சிக்குத் தலைப்பு வைத்தால் யாராலும் பேச முடியாது. பொருள் ஒரு கையில் அடங்கும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். சென்னையில் அப்படிப்பட்ட பொருள்களுக்குப் பஞ்சமில்லை.

அண்ணா சாலையில் ஒரு காலத்தில் உயர்ந்து நின்ற சினிமா பேனர்களைக் கையால் வரைந்த ஓவியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃபிளெக்ஸ் அச்சு பரவியதும் அவர்களுடைய தொழில் மிகக் குறுகிய காலத்தில் சரிந்தது. ஒரு சிறிய புகைப்படத்தின் மீது கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் இழுத்து, முகத்தைப் பல மடங்கு பெரிதாக்கும் திறமை கொண்ட ஒருவர், பிறகு எந்த வேலைக்குப் போனார் என்று கேட்டாலே நகரத்தின் இருபது ஆண்டு வரலாறு வெளியே வரும். கொசப்பேட்டையில் களிமண் பொம்மை செய்யும் குடும்பங்கள், மயிலாப்பூர்ப் பகுதியில் மிருதங்கத்துக்குத் தோல் கட்டிச் சோறு (தோலின் நடுவே வைக்கும் கருப்புப் பூச்சு) வைக்கும் கைவினைஞர்கள், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கங்களில் சாவு வீட்டில் இரவு முழுவதும் கானா பாடுகிறவர்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நிகழ்ச்சிக்கு உரியவை. மிருதங்கம் மேடையில் ஒலிப்பதை இந்த நகரம் நன்கு அறியும். அந்தக் கருவியைச் செய்கிறவரின் பெயர் கச்சேரி அழைப்பிதழில் இருப்பதில்லை. அவருடைய தொழில் நுட்பத்தை அரை மணி நேரம் பேசவிட்டால், சாதியும் கூலியும் மரியாதையும் பற்றிய கேள்விகளை நீங்கள் தனியாக எழுப்ப வேண்டிய அவசியமே இருக்காது.

கலையும் வறுமையும் நகரமும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்க்க விரும்பினால் கண்ணகி நகரைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டு முதல், நகரத்தின் நடுவே ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது; ஆனாலும் அங்கே வாழ்கிறவர்கள் பேச்சில் “ஹவுசிங் போர்டு” என்றே சொல்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பல குடும்பங்கள் அருகிலுள்ள பெரும்பாக்கத்துக்கு வந்தன. 2020இல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருக்கலை அமைப்பும் சென்னை மாநகராட்சியும் இணைந்து கண்ணகி நகர்ச் சுவர்களில் பல மாடி உயர ஓவியங்களை வரையச் செய்தன. அதைப் பார்க்க வெளியூரிலிருந்தும் மக்கள் வந்தார்கள், புகைப்படங்கள் வெளியாயின. முகவரியைச் சொன்னதும் வேலை மறுக்கப்பட்டதாக அங்கே வாழ்கிறவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஓர் ஊரில் இது சிறிய மாற்றமல்ல. அதே வேளையில், சுவரின் வெளிப்புறம் வண்ணம் பெற்ற வீட்டுக்குள் தண்ணீர் எப்போது வருகிறது, கூரை ஒழுகுகிறதா, தன் வீட்டுச் சுவரில் என்ன வரைய வேண்டும் என்று யாராவது கேட்டார்களா என்ற கேள்விகளும் அங்கேயே இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் சொல்வார். சுவர் அழகாக இருக்கிறது என்பதையும் சொல்வார், அடுத்த வாக்கியத்தில் பேருந்துக்கு ஒரு மணி நேரம் நின்றதையும் சொல்வார். இரண்டில் ஒன்றை வெட்டிவிடாமல் இருப்பதுதான் தயாரிப்பாளரின் வேலை.

2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவையும் இதே கண்ணோடு அணுகலாம். கர்நாடக இசையும் பறையும் மீனவக் குப்பத்தின் மேடையில் அடுத்தடுத்து ஒலித்ததைப் பற்றி விழா நடத்தியவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். நாற்காலி போட்டவர், மேடைக்கு மின் இணைப்புக் கொடுத்தவர், கூட்டத்துக்கு மீன் வறுத்து விற்றவர் ஆகியோரின் நினைவுகளை நீங்கள் பதிவு செய்யலாம்.

ஆட்களைச் சந்தித்தல்

முதல் சந்திப்புக்கு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துச் செல்லாதீர்கள். கருவி பையில் இருப்பது தெரிந்தாலே பேச்சு மாறிவிடும். அந்தப் பகுதியில் வேலை செய்யும் மகளிர் குழுத் தலைவி, அங்கன்வாடி ஊழியர், இளைஞர் மன்றத்தினர், டீக்கடைக்காரர் ஆகியோர் மூலமாகப் போவது நல்லது. ஆனால் ஒரே வழிகாட்டியை எப்போதும் நம்பியிருந்தால், அவருக்கு வேண்டியவர்களின் குரல் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும். ஆகையால் இரண்டாம் முறை வேறொருவர் மூலமாகச் செல்லுங்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம் வசதியை ஒதுக்கிவைக்க வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரிப் பகுதிகளில் வீட்டு வேலைக்கும் அலுவலகத் துப்புரவுப் பணிக்கும் செல்லும் பெண்கள் அதிகாலையிலேயே புறப்பட்டுவிடுவார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். கொசப்பேட்டைக்கு விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முந்தைய வாரங்களில் போனால் நீங்கள் இடைஞ்சலாகத்தான் இருப்பீர்கள். மிருதங்கக் கைவினைஞர்களுக்கு மார்கழிக் கச்சேரிக் காலம் அப்படி. கானா பாடகர் இரவு முழுவதும் பாடிவிட்டு வந்திருந்தால் அன்று பகலில் அவருக்குத் தேவைப்படுவது தூக்கம்.

விளிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வயதில் மூத்தவர்களை அம்மா, ஐயா, அக்கா, அண்ணா என்று அந்த இடத்தின் வழக்கப்படி அழையுங்கள். கல்லூரியிலிருந்து வரும் இளம் தொகுப்பாளர்கள், பேராசிரியரை “சார்” என்றும், அதே நிகழ்ச்சியில் அறுபது வயதுத் துப்புரவுப் பணியாளரை வெறும் பெயர் சொல்லியும் அழைப்பதைக் கேட்டிருக்கிறேன். கேட்கும் தெரு அதை உடனே கவனிக்கும். அறிமுகத்தில் ஒருவரின் தொழிலையும் திறமையையும் முதலில் சொல்லுங்கள். “குடிசைப் பகுதியில் வாழும் இன்னார்” என்று தொடங்காமல், “நாற்பது ஆண்டுகளாகச் சுவர் விளம்பரம் எழுதிவரும் இன்னார்” என்று தொடங்குங்கள்.

ஒப்புதலும் கூலியும்

ஒப்புதல் என்பது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற காரியமல்ல. நிகழ்ச்சி எப்போது, எந்த அலைவரிசையில் வரும், யாரெல்லாம் கேட்கக்கூடும், எதை வெட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதை எல்லாம் அவருக்குப் புரியும் சொற்களில் விளக்கி, அந்த விளக்கத்தையும் அவருடைய சம்மதத்தையும் ஒலியாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றுவதற்கும் வாட்ஸ்அப்பில் பகிர்வதற்கும் தனியாகச் சம்மதம் கேளுங்கள். அலையில் வந்த பேச்சு சில கிலோமீட்டரோடு நின்றுவிடும். இணையத்தில் ஏறியது, அவர் வேலை செய்யும் வீட்டு முதலாளியின் கைபேசிக்கும் போய்ச் சேரும்.

தண்டல்காரரிடம் வாங்கிய கடன், ஒதுக்கீட்டு ஆணை இல்லாத வீடு, நடைபாதைக் கடைக்குத் தர நேர்ந்த பணம் போன்றவற்றைப் பேச்சு வேகத்தில் பலர் சொல்லிவிடுவார்கள். பதிவு முடிந்ததும் அந்த இடங்களை அவருக்குத் திரும்பப் போட்டுக் காட்டி, இது ஒலிபரப்பானால் உங்களுக்கு யாராலாவது தொந்தரவு வருமா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வெட்டிவிடுங்கள். அந்தப் பகுதிதான் நிகழ்ச்சியின் உயிர் என்று உங்களுக்குத் தோன்றினாலும் வெட்டிவிடுங்கள். குழந்தைகள் பேசினால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தையின் அடையாளம் வெளிப்படும் எந்தத் தகவலையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடுக்கிறது. பெயரை மட்டும் மறைத்துவிட்டுத் தெருவையும் பள்ளியையும் சொன்னால் அடையாளம் மறைந்ததாகாது.

பணம் கொடுக்கலாமா என்ற கேள்வியில் நிலையங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தினக்கூலிக்குப் போகிறவர் நமக்காக அரை நாள் உட்கார்ந்தால், அந்த அரை நாளின் கூலியை நாம் தர வேண்டும் என்பதே என் உறுதியான நிலைப்பாடு. நிபுணருக்குப் பயணப்படி கொடுக்கும் நிலையம், ஓவியத் தொழிலாளிக்குச் சால்வை மட்டும் போர்த்துவது நியாயமல்ல. தொகையைப் பதிவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பதிவு நன்றாக வந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

ஒலிப்பதிவு

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும், காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஒன்றும், மைக்குக்குப் பஞ்சு உறை ஒன்றும் போதும். அதுவும் இல்லாவிட்டால், விமானப் பயண நிலையில் வைக்கப்பட்ட கைபேசியோடு ஒரு காலர் மைக் இருந்தாலும் தொடங்கலாம். வேவ் (WAV) கோப்பு வடிவத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் பதிவு செய்யுங்கள். பேசுகிறவரின் வாயிலிருந்து மைக் ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். “ப” வரும் இடங்களில் காற்று மோதாது. ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொள்ளாமல் ஒருபோதும் பதிவு செய்யாதீர்கள்.

கலையைப் பற்றிய நிகழ்ச்சியைக் கூடியவரை ஸ்டுடியோவில் பதிவு செய்ய வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில் கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வாய் சரளமாகப் பேசும். களிமண் பிசையும் சத்தமும், தோலை இழுத்துக் கட்டும் சத்தமும், டோலக்கைத் தட்டிச் சுருதி பார்க்கும் சத்தமும் கேட்பவரை அந்த அறைக்கு அழைத்துச் செல்லும். ஆனால் மின்விசிறியையும் மிக்ஸியையும் சிறிது நேரம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் சினிமாப் பாட்டு ஓடினால் காத்திருங்கள். பேச்சின் அடியில் பாட்டு இருந்தால் வெட்டி ஒட்ட முடியாது, பதிப்புரிமைச் சிக்கலும் வரும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி இருக்கும் தெருவில் பதிவை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. எல்லாம் முடிந்த பிறகு யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியைத் தனியே பதிவு செய்து வையுங்கள். தொகுக்கும்போது வெட்டிய இடங்களை மூட அது உதவும்.

கேள்விகள்

நிகழ்ச்சி நிற்பதும் விழுவதும் இங்கேதான். “உங்கள் வாழ்க்கை எவ்வளவு கஷ்டமானது?” என்ற கேள்வி, பதிலைக் கேள்வியிலேயே வைத்திருக்கிறது. “கஷ்டம்தாம்மா” என்பதற்கு மேல் அதற்கு விடை இல்லை. “இத்தனை வறுமையிலும் கலையை எப்படி விடாமல் காப்பாற்றினீர்கள்?” என்பது பாராட்டாகத் தோன்றினாலும் அதே தவறைத்தான் செய்கிறது, பேசுகிறவரை ஒரு பாத்திரத்துக்குள் அடைத்துவிடுகிறது.

செய்முறையிலிருந்து தொடங்குங்கள். பேனர் ஓவியரிடம், ஒரு முகத்தில் முதலில் எதை வரைவீர்கள், கண்ணையா மூக்கையா என்று கேளுங்கள். நாற்பது அடி உயரத்தில் சாரத்தின் மீது நின்றுகொண்டு, கீழேயிருந்து பார்ப்பவருக்கு முகம் எப்படித் தெரியும் என்பதை எப்படிக் கணித்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு பேனருக்கு எத்தனை பேர் வேலை செய்தார்கள், கூலி எப்படிப் பிரிந்தது, வண்ணத்துக்கான பணத்தை யார் முன்கூட்டித் தந்தார்கள் என்ற கேள்விகள் அடுத்து இயல்பாக வரும். கடைசியாக வரைந்த பேனர் எது, அதற்கடுத்த மாதம் வீட்டு வாடகையை எப்படிக் கட்டினீர்கள் என்பது அதற்குப் பின். இந்த வரிசையில் போனால் வாடகையைப் பற்றிய கேள்வி அவமானமாகத் தெரியாது. ஒரு தொழிலாளியிடம் தொழிலின் கணக்கைக் கேட்பதாகவே இருக்கும்.

நகர வாழ்வைப் பற்றிக் கேட்கும்போது ஒரு நாளின் பாதையைச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்தப் பேருந்து, எங்கே மாறினீர்கள், மதியம் எங்கே சாப்பிட்டீர்கள், கழிவறைக்கு எங்கே போனீர்கள் என்று படிப்படியாகக் கேட்டால், எந்த அறிக்கையிலும் கிடைக்காத சென்னை கிடைக்கும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது வந்த பிறகு அந்தப் பணம் எதற்குப் போகிறது, இப்போது முன்பு போகாத எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடற்கரைக்கு, அம்மா வீட்டுக்கு, பிள்ளையின் நடன வகுப்புக்கு என்று வரும் பதில்களில் கலையும் நகரமும் ஒன்றாகவே இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவரிடம் அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் ஒரு குடும்பத்தை எத்தனை ஆண்டுக் கடனில் தள்ளும் என்பது அந்த ஒரு பதிலிலேயே விளங்கிவிடும்.

கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் முடிந்ததுபோல் தோன்றிய பிறகும் மூன்று நான்கு விநாடி காத்திருந்தால் பெரும்பாலானோர் தொடர்ந்து பேசுவார்கள். முக்கியமான வாக்கியம் அந்த இடைவெளிக்குப் பிறகே பலமுறை வரும். “ம்ம்”, “சரி சரி” என்று இடையிடையே ஒலி எழுப்பாமல் தலையசைப்பாலும் கண்ணாலும் கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டுங்கள். பேசுகிறவர் அழுதால் பதிவை நிறுத்துங்கள். தொடரலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வடசென்னைப் பேச்சைத் திருத்தாதீர்கள். நீங்கள் எழுத்துத் தமிழில் கேட்டால் எதிரிலிருப்பவரும் சிரமப்பட்டு எழுத்துத் தமிழுக்கு மாறுவார். அத்துடன் அவர் சொல்ல வந்தது போய்விடும். அதற்காக அவர் பேச்சைப் போலவே நீங்கள் பேசிக் காட்டவும் வேண்டாம். நீங்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படிப் பேசுங்கள்.

விதிகளுக்குள் நின்று பேசுதல்

சமுதாய வானொலி நிலையம் சொந்தமாகச் செய்திகளையோ நடப்பு விவகாரங்களையோ அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகளையோ தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி, விளம்பர விதித் தொகுப்பையும் பின்பற்ற வேண்டும். வறுமையைப் பற்றிப் பேச வரும் இளைஞர்களுக்கு இந்த விதி கையைக் கட்டுவதாகத் தோன்றும். இந்தத் தடை தளர வேண்டும் என்றே நானும் கருதுகிறேன். ஆயினும் அது இருக்கும்போதே செய்யக்கூடியவை ஏராளம். நேற்று நடந்த வெளியேற்றத்தைப் பற்றிய செய்தியை நீங்கள் வெளியிட முடியாது. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் குடிபெயர்க்கப்பட்ட ஒரு பெண், பழைய தெருவில் யார் யார் வாழ்ந்தார்கள், புதிய வீட்டில் முதல் இரவு எப்படிக் கழிந்தது, பிள்ளையின் பள்ளி மாறுதல் சான்றிதழுக்கு எத்தனை முறை அலைந்தார் என்று தன் வாழ்க்கை நினைவைச் சொல்லலாம். அதே நிகழ்ச்சியின் இறுதி ஐந்து நிமிடத்தில், ரேஷன் அட்டையில் முகவரியை மாற்ற இ-சேவை மையத்துக்கு எந்தெந்த ஆவணங்களோடு போக வேண்டும் என்பதை விளக்கலாம். நினைவும் பயன்படும் தகவலும் சேர்ந்த இந்த அமைப்பு, கேட்பவருக்கும் உதவுகிறது, நிலையத்தையும் பாதுகாக்கிறது. கட்சிப் பெயரும் தலைவர் பெயரும் வந்தால் அந்த இடத்தைத் தொகுப்பில் நீக்கிவிட்டு, நீக்கியதைப் பேசியவரிடம் சொல்லிவிடுங்கள்.

தொகுப்பு

அரை மணி நேர இடத்துக்கு முகப்பு இசை, அறிமுகம், அறிவிப்பு எல்லாம் போக 25 நிமிடப் பேச்சு வேண்டும். 60 நிமிடப் பதிவு இருந்தால் போதும். மூன்று மணி நேரம் பதிவு செய்துவிட்டுத் திணறாதீர்கள். முதலில் முழுவதையும் கேட்டு, எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று தாளில் குறியுங்கள். பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குப் போதுமானது.

வெட்டும்போது ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: பேசியவர் இதைத் தன் தெருவில் உட்கார்ந்து கேட்கும்போது, “நான் சொன்னது இதுதான்” என்று சொல்வாரா? அவருடைய துயரத்தை முன்னும் பின்னும் உள்ள சிரிப்பிலிருந்து பிரித்து எடுத்து வைத்தால், சொற்கள் அவருடையவையாக இருந்தாலும் பேச்சு அவருடையதாக இருக்காது. பேச்சின் அடியில் சோக வயலினையோ புல்லாங்குழலையோ ஓட்டாதீர்கள். கேட்பவருக்கு எங்கே மனம் கலங்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் வேலை நம்முடையதல்ல.

இசை வேண்டுமென்றால் நிகழ்ச்சியில் பேசுகிற கலைஞரே பாடியதை, வாசித்ததை, அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதியோடு பயன்படுத்துங்கள். கானாவில் பல மெட்டுகள் சினிமாவுக்குப் போயிருக்கின்றன, சினிமா மெட்டுகள் கானாவுக்கும் வந்திருக்கின்றன. ஆகவே பாடியவர் தன்னுடையது என்று சொல்லும் பாட்டின் மெட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டுவையுங்கள். அந்தக் கேள்வியே நல்ல உரையாடலாக விரியும்.

அதிகாரியையோ ஆய்வாளரையோ சேர்க்க விரும்பினால், குடியிருப்பவர் பேசியதைத் தொகுத்து முடித்த பிறகு அதைப் போட்டுக் காட்டி அவருடைய விளக்கத்தைப் பெறுங்கள். இருவரையும் ஒரே மேசையில் முதல் முறையே உட்கார வைத்தால், குடியிருப்பவர் கேள்வி கேட்க மாட்டார், மனு கொடுப்பார். சில நிகழ்ச்சிகளில் பழகிய பிறகு நேருக்கு நேர் உரையாடலைச் செய்து பார்க்கலாம்.

ஒலிபரப்பும் அதற்குப் பிறகும்

ஒலிபரப்புக்கு முன்பாக, பேசியவர் வாழும் இடத்தில் உங்கள் அலைவரிசை தெளிவாகக் கேட்கிறதா என்று ஒரு சிறிய ரேடியோவோடு போய்ப் பாருங்கள். பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கான்கிரீட் கட்டடங்களுக்குள் சன்னலோரத்தில் கேட்பது உள்ளறையில் கேட்காமல் போகலாம். புதிய கைபேசிகள் பலவற்றில் எஃப்.எம். வசதியே இல்லை, இருக்கும் கைபேசியிலும் ஹெட்ஃபோன் கம்பியைச் செருகினால்தான் அது ஆன்டெனாவாகப் பயன்படும். ஆகையால் தையல் கடை, டீக்கடை, மகளிர் குழு கூடும் வராந்தா போன்ற ஓரிடத்தில் ரேடியோவை வைத்துச் சேர்ந்து கேட்க ஏற்பாடு செய்யுங்கள். தயாரித்தவர் ஸ்டுடியோவில் இருப்பதைவிட அந்த இடத்தில் இருப்பது நல்லது. எந்த இடத்தில் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்பதை வேறு எந்த வழியிலும் அறிய முடியாது.

நிகழ்ச்சியின் பிரதியைப் பென் டிரைவிலோ கைபேசியிலோ பேசியவருக்குக் கொடுங்கள். ஒலிபரப்பானவற்றை மூன்று மாதங்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கைவினைஞர்களின் செய்முறையைச் சொல்லும் பதிவுகளை நிலையம் நிரந்தரமாகவே வைத்திருக்க வேண்டும் என்று நிலையப் பொறுப்பாளரிடம் வற்புறுத்துங்கள். பேசியவர் பெயர், பகுதி, தொழில், பதிவு நாள், எதற்கெல்லாம் சம்மதம் தந்தார் என்ற விவரங்களை ஒலிக் கோப்போடு சேர்த்தே எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு தன்னார்வலர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது அது இல்லாமல் எதையும் மறுபடி ஒலிபரப்ப முடியாது.

நிலையத் தொலைபேசிக்கு வரும் அழைப்புகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, பாராட்டைச் சுருக்கமாகவும், மறுப்பையும் திருத்தத்தையும் முழுமையாகவும் எழுதுங்கள். “அவர் சொன்ன பேனர் கம்பெனியில் நானும் வேலை செய்தேன், கூலி அப்படி இல்லை” என்று ஒருவர் அழைத்தால், அவரிடம் அன்றே நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் அவருடைய வீட்டுக்குப் போங்கள். கருவியை அடுத்த முறை எடுத்துச் செல்லலாம்.